வேண்டாமென்று சொன்ன சீட்

கல்லூரிகள் திறந்த திங்கட்கிழமை காலையில், சின்னவள் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்த சீட் அவளைத் தேடிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றது. இரும்புக் கால், பிளைவுட் முதுகு, வலது கைப்பக்கம் எழுதுவதற்குப் பலகை வைத்த சாதாரண நாற்காலிதான். முதுகில் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண். பலகையின் ஓரமெல்லாம் முன்பு உட்கார்ந்தவர்கள் காம்பஸ் முனையால் கீறிய எழுத்துகள். பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்த அம்மா, யாரோ வீடு காலி செய்தபோது விட்டுப்போன சாமான் என்று நினைத்துச் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள். பல் தேய்த்துக்கொண்டே வந்த அப்பாதான் அடையாளம் கண்டுபிடித்தார். கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று, முதல் வரிசையில் ஜன்னலோரம், இதில்தான் என் பொண்ணு உட்காரப்போகிறாள் என்று அவர் தடவிப் பார்த்துவிட்டு வந்த நாற்காலி அது. வாய் நிறைய நுரையோடு, "சீட் வந்திருக்கு" என்றார். பிறகு உள்ளே போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, ஈரத்துணியால் அதைத் துடைத்தார்.

அதற்கு முந்தைய மாதம் அந்த வீட்டில் நடந்தது இதுதான். சின்னவளுக்கு என்ஜினீயரிங் சீட் கிடைத்தது. அதே வாரத்தில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் மூன்று வருட அப்ரன்டிஸ் பயிற்சிக்கும் அவளை எடுத்துக்கொண்டார்கள். அப்பா தண்ணீர் வாரிய அலுவலகத்தில் கிளார்க். குழாய் இணைப்பு கேட்டு வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மகளுக்கு சீட் கிடைத்த சேதியைச் சொல்லி முடித்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் சின்னவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, லிஃப்ட் கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அம்மா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் ஒருநாள் லிஃப்ட்டின் கதவைக் கழற்றி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். உள்ளே பெட்டி இல்லை. கிணறு மாதிரி இருட்டும், மேலே எங்கேயோ போய் மறையும் கயிறுகளும் மட்டும் இருந்தன. அந்தக் கயிறுகள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ளாமல் இனி வேறு எதையும் படிக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"படிக்கிற வயசுல எதுக்கும்மா வேலை?" என்றார் அப்பா.

"அதுவும் படிப்புதாம்ப்பா. என்ன, கையில கிரீஸ் ஒட்டும்."

"காலேஜ் படிச்சாத்தான் நாலு பேர் முன்னாடி நிமிர்ந்து நிக்க முடியும்."

"அண்ணன் படிச்சிருக்கான். படுத்துதானே கெடக்கான்."

கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவனுக்கு இது கேட்டது. அவன் பட்டம் வாங்கி வந்து, இன்டர்வியூவுக்குப் போவதும் வருவதுமாக இருந்து, பிறகு போவதையும் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. தேவையானதை மேசையில் தட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சீட் வந்த செய்தி தெருவில் பரவியபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் அந்த இடத்தைத் தவறவிட்ட தையல்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு அவன் அப்பா வந்தார். சும்மா கிடக்கிறதுதானே, இவன் உட்காரட்டுமே என்றார். சின்னவளுக்கு அதில் முழுச் சம்மதம். பையன் தலையை வாரிக்கொண்டு, பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு உட்கார்ந்தான். சீட் தன் முன்னங்கால்களை மெதுவாக மடக்கி, குழந்தையை இடுப்பிலிருந்து இறக்குவதுபோல அவனைத் தரையில் இறக்கிவிட்டது. தையல்காரர் மகனைத் தூக்கி நிறுத்தி, முட்டியைத் தட்டிவிட்டு, "ஒருத்தருக்குன்னு எழுதினது ஒருத்தருக்குத்தான் போல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குடும்பம் அதன் பிறகு இவர்கள் வீட்டுக்கு எதையும் தைத்துத் தரவில்லை.

மறுநாள் சின்னவள் வேலைக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப்பில் திரும்பிப் பார்த்தபோது சீட் பின்னால் நின்றது. அது நடந்து யாரும் பார்த்ததில்லை. அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கேயோ இருக்கும். திரும்பினால் ஓர் ஆள் படுக்கும் தூரத்தில் இருக்கும். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். கூட்டத்தில் நின்றவர்கள் அதில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். எடையைத் தாங்கிக்கொண்டது, ஆனால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பஸ் அடுத்த நிறுத்தம் போவதற்குள் கன்னத்தில் கைவைத்துத் தூங்கிப்போனார்கள். பலர் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள். அந்த வழித்தடத்தில் ஆபீஸுக்குத் தாமதமாக வந்தவர்கள் "சீட்ல உட்கார்ந்துட்டேன் சார்" என்று காரணம் சொல்வது கொஞ்ச நாளில் வழக்கமாகிவிட்டது.

கம்பெனி மேனேஜர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தார். புதிதாகச் சேர்ந்த மற்ற பையன்களுக்கெல்லாம் டூல்ஸ் பையைக் கொடுத்தவர், அவள் முறை வந்ததும் பையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார். "உனக்குத்தான் சீட் காத்துக்கிட்டு இருக்கேம்மா. ரெண்டு மாசத்துல போயிடுவ. பையை வேற யாருக்காவது குடுத்தா உபயோகமா இருக்கும்" என்றார். போகமாட்டேன் என்று அவள் சொன்னாள். அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். இதுதான் அவள் தலைவலியின் ஆரம்பம். அந்த சீட் பின்னால் நிற்கும்வரை, அவள் வாயால் சொல்வது எதுவும் வீட்டிலும் எடுபடவில்லை, வேலையிலும் எடுபடவில்லை. வீட்டில் அப்பா, கதவு திறந்தேதான் இருக்கிறது என்பதற்கு அதைச் சாட்சியாகக் காட்டினார். கம்பெனியில் மேனேஜர், இவள் நிலைக்கமாட்டாள் என்பதற்கு அதையே சாட்சியாகக் காட்டினார்.

அவளை ஒரு மெக்கானிக்கோடு ஜோடி சேர்த்தார்கள். கம்பெனியில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். கையில் வேலை சுத்தம். பழகுவதற்கும் தங்கமான மனுஷன். அதுதான் எரிச்சல், திட்டுவதற்குக்கூட வழியில்லை. பிரேக்கை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால், "நாளைக்குச் சொல்லித் தர்றேன்" என்பார். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றால், "நாளைக்குப் பார்ப்போம், இன்னைக்கு டயம் இல்ல." முதல் வருடம் முழுவதும் அவளுக்குக் கிடைத்தது டார்ச் பிடிக்கிற வேலையும், லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழியைச் சுத்தம் செய்கிற வேலையும்தான். நகரத்தில் மனிதர்கள் கதவு இடுக்கில் எதையெல்லாம் தவறவிடுகிறார்கள் என்பது அவளைப்போல் யாருக்கும் தெரியாது. சாவிகள், ஒற்றைக் கம்மல்கள், பால் பற்கள், ஒரு தடவை உயிரோடு ஒரு ஆமை. அதையெல்லாம் அள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தால், சீட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லாபியில் நிற்கும். 'நாளைக்கு' அதில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார், சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவார். விழிக்கும்போது தனக்குத் தெரியாத சூத்திரம் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே விழிப்பார்.

அதைத் தொலைக்க அவள் செய்யாதது இல்லை. ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினாள். பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, பஸ் ஓடும்போதே குதித்தாள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலையில், அவர் கடைத் துருவோடும் காலில் கட்டிய சணலோடும் அது பின்னால் நின்றது. அப்பா உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து எடுத்தார். அம்மா மட்டும் அந்த விஷயத்தில் எந்தப் பக்கமும் சேரவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் யூனிஃபார்மைத் துவைத்து அதன் முதுகில் காயப்போடுவாள்.

இரண்டாம் வருடத்தில் பலகையில் எழுத்துகள் வர ஆரம்பித்தன. ஒருநாள் பஸ்ஸில் குனிந்து பார்த்தபோது, நீல மையில் ஒரு கணக்கு பாதி போட்டபடி இருந்தது. அவளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் கையெழுத்து அவளுடையது. அவளுக்கே உரிய வளைந்த வாலோடு கூடிய ஏழு. அப்பா அதைப் பார்த்துவிட்டு, பலகையை மட்டும் துடைக்காமல் விட ஆரம்பித்தார். பிறகு கணக்குகளுக்கு நடுவே வேறு ஒரு கையெழுத்தும் வந்தது. 'கேன்டீன் வர்றியா?' என்று அது கேட்டிருக்கும். 'இந்த ஆள் விட்டாத்தானே' என்று இவள் கையெழுத்து பதில் சொல்லியிருக்கும். தான் பார்த்தேயிராத ஒரு சிநேகிதியோடு தான் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பதை, குழியின் எண்ணெய் நாற்றத்தோடு உட்கார்ந்து படிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சிநேகிதி அவளுக்கு வேண்டியிருந்தது. கம்பெனியில் அவள் வயதுப் பெண் யாரும் இல்லை. மற்ற அப்ரன்டிஸ் பையன்கள் எல்லாம் தனியாகச் சின்னச் சின்ன ரிப்பேருக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அவள் இன்னும் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், மார்க்கர் பேனாவை எடுத்துப் பலகையில் எழுதினாள்: 'ரெண்டு வருஷமா நாளைக்கு நாளைக்குன்னே சொல்றாங்க. ஒண்ணுமே கத்துத் தர்றதில்ல.' மறுநாள் காலையில் அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்திலேயே ஒரே ஒரு வார்த்தை இருந்தது. 'இங்கயும்.'

மூன்றாம் வருடம் முடியப் போகிற சமயத்தில், அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். சீட் செல்லுபடியாகிறதா இல்லையா என்று கல்லூரி ஆபீஸில் நேரிலேயே கேட்டுவிடுவது. "ஒரே ஒரு தடவை கூட வா. இல்லேன்னு சொல்லிட்டாங்கன்னா அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்" என்றார். சின்னவளுக்கும் சண்டை போட்டு அலுத்துவிட்டது. தனக்கும் வீட்டில் வேலை இல்லை என்று பெரியவனும் கூட வந்தான். ஆபீஸ் ஐந்தாவது மாடியில். லிஃப்ட் சின்னது, அப்பாவும் சீட்டும் ஏறியதும் நிறைந்துவிட்டது. அண்ணனும் தங்கையும் படியேறினார்கள். நான்காவது மாடியைத் தாண்டும்போது, சுவருக்குப் பின்னால் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சத்தம் கேட்டது. பிரேக் கப்பென்று பிடிக்கிற சத்தம்.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. கதவில் வாயை வைத்து அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. பெரியவன் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டான். பதில் இல்லை. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அந்த லிஃப்ட்டைப் பராமரிப்பது அவளுடைய கம்பெனிதான். நகரத்தில் பாதி லிஃப்ட்டுகள் அவர்களுடையவை. அவள் 'நாளைக்கு'வுக்குப் போன் போட்டாள்.

"நான் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கேன்மா. வந்துடறேன். நீ எதையும் தொடாத."

"உள்ள எங்கப்பா இருக்காரு. கூப்பிட்டா பேச மாட்டேங்குறாரு."

"அப்ரன்டிஸ் தனியா மெஷின் ரூமுக்குள்ள போகக்கூடாது. ரூல் தெரியும்ல? நான் வந்து—"

அவள் போனை வைத்தாள். வாட்ச்மேனிடம் மெஷின் ரூம் சாவியையும், வெளிக்கதவைத் திறக்கிற முக்கோணச் சாவியையும் வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக் நெம்புகோலைப் பிடித்துத் தளர்த்த வேண்டும், இன்னொருவர் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். பின்னால் மூச்சு வாங்க வந்து நின்றது அண்ணன்தான். அவள் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கினாள். பெரியவன் கையைப் பிடித்து நெம்புகோலில் வைத்தாள்.

"பிடின்னா அழுத்திப் பிடி. விடுன்னா அந்த நிமிஷமே விடணும்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரிய வேணாம். நான் சொல்றதைக் கேளு, போதும்."

பெரியவன் யார் சொல்வதையும் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. கேட்டான். உள்ளே ஒரே ஆள்தான் என்பதால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடைதான் கனமாக இருந்தது. பெட்டி தானாகவே மேலே போகப் பார்த்தது. பிடி, விடு, பிடி, விடு என்று கொஞ்சம் கொஞ்சமாக, கயிற்றில் ஐந்தாம் மாடிக்கு அடித்திருந்த மஞ்சள் பெயின்ட் நேராக வரும்வரை சக்கரத்தைச் சுற்றினாள். 'நாளைக்கு' இதை அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவர் செய்தபோதெல்லாம் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள். பொறுமையில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்ததெல்லாம் கையில் ஏறி இருந்தது.

கீழே இறங்கி வந்து கதவைத் திறந்தாள். அப்பா சீட்டில் உட்கார்ந்து, பலகையில் கன்னத்தை வைத்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தோளைப் பிடித்து உலுக்கியதும் கண்ணைத் திறந்தார். கன்னத்தில் ஒரு கணக்கு தலைகீழாகப் பதிந்திருந்தது.

"கிளாஸ் முடிஞ்சுதா?" என்றார்.

சின்னவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பா எழுந்து, என்ன நடந்தது என்று வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தன்னை மேலே கொண்டுவந்தது யார் என்பதை இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு மகளிடம் வந்தார். கைக்குட்டையை எடுத்து அவள் விரல்களிலிருந்த கிரீஸைத் துடைக்கப் பார்த்தார், அது போகவில்லை.

ஆபீஸில் இருந்த கிளார்க் அம்மாள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். அட்டெண்டன்ஸ் முழுசாக இருக்கிறது. எல்லாப் பாடத்திலும் பாஸ். ஒன்றே ஒன்றில்தான் அரியர்.

"எந்தப் பேப்பர்?" என்றார் அப்பா.

"ஒர்க்‌ஷாப் பிராக்டிகல்."

"அதுக்குக் கை வேணுமில்ல" என்றாள் சின்னவள்.

அம்மாள் நாற்காலியை எட்டிப் பார்த்துவிட்டு, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருப்பதால் நடுவில் நிறுத்த வழியில்லை என்றும், அரியரை முடிக்காவிட்டால் அது எத்தனை வருடமானாலும் இப்படியேதான் அலையும் என்றும் சொன்னாள். அப்பா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து சீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கம்பெனியில் யாரும் அவளைத் தோளில் தட்டிக்கொடுக்கவில்லை. மேனேஜர் ரூல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் திட்டினார். பயிற்சியை ஆறு மாதம் நீட்டினார். கூடச் சேர்ந்த பையன்கள் எல்லாம் மெக்கானிக் ஆகிப் புதுச் சட்டை போட்டுக்கொண்ட அன்று, அவள் அதே பழைய சட்டையில் அவர்களுக்குக் கைகொடுத்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அடுத்த சைட்டில் 'நாளைக்கு' பிரேக்கின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தள்ளுங்க, நான் பண்றேன் என்றாள். "நாளைக்கு—" என்று அவர் ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்பானரை அவர் கையிலிருந்து வாங்கி நட்டைத் தளர்த்த ஆரம்பித்திருந்தாள். அவர் கொஞ்ச நேரம் வெறுங்கையோடு இருந்தார். பிறகு டார்ச்சை எடுத்துப் பிடித்தார்.

ஆறு மாதம் கழித்து அவளும் மெக்கானிக் ஆனாள். அப்போதும் சீட் பின்னால்தான் நின்றது. அடுத்த வருடம் தேர்வு நேரத்தில், அவள் ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். இரண்டு இரும்புத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி அரத்தால் அராவிக் கொடுக்க வேண்டும். சீட் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெண் அவளைப் பார்த்துச் சிரித்து, முடிந்ததும் கேன்டீன் போகலாமா என்று கேட்டாள். போனார்கள். இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எதற்கும் முன்னுரை தேவைப்படவில்லை.

சீட் முதல் வகுப்பில் தேறியது. அதற்கு மறுநாள் காலை சின்னவள் பஸ் ஸ்டாப்பில் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் தெரு மட்டும்தான் இருந்தது. அவள் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நின்று பார்த்தாள். பிறகு ஏறிப்போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால், சீட் கூடத்தில் பெரியவனின் கட்டிலுக்குப் பக்கத்தில், சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் அது எங்கேயும் போகவில்லை. முதல் சில மாதங்கள் காலையில் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்; பிறகு அதையும் விட்டுவிட்டது. பெரியவனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லையோ என்னவோ, ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மத்தியானத்தில் கூடத்தில் சீட் மட்டும் இருக்கும். அம்மா யூனிஃபார்மைக் காயப்போடும்போது, சாப்பிட்டியா என்று கேட்பதுபோல அதன் முதுகை ஒரு தட்டுத் தட்டுவாள்.

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள் அறிமுகத்துக்காக மேலே ஏறி வந்தார். பொண்ணு என்ன பண்றாங்க என்று கேட்டார்.

"லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போயிருக்கா" என்றார் அப்பா. பிறகு வந்தவர் பார்வை போன பக்கம் தானும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீட்தான் என்ஜினீயரிங் முடிச்சிட்டு வீட்டோட இருக்கு."

வந்தவர் சீட்டைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினார். தன் அக்கா மகனும் அப்படித்தான் இருக்கிறான் என்றும், எங்கேயாவது இடம் காலி என்று கேள்விப்பட்டால் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவதாகவும் சொல்லிவிட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்.